நோபர்ட் சேரின் கொப்பி

மாத்தளை
9.3.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். குவைத் வெயிலில் உங்கள் தலைவலி எப்படி? தொப்பி போடச் சொன்னால் கேட்கிறீர்களா?

நீங்கள் வாத்தியாராக இருந்தபோது எழுதிய கணக்குக் கொப்பியை வைத்துத்தான் மாதா கோயில் விறாந்தையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதைப் புத்தகமாக்க அப்துல் ஸமத் நானாவின் அச்சகத்தில் கொடுக்கச் சொன்னீர்கள். இன்னும் கொடுக்கவில்லை. சுட்டிகள் பாடத்தில் ஒரு சிக்கல். எட்டின் மேலே சுட்டி −⅔ போட்டால் விடை −4 என்று எழுதியிருக்கிறீர்கள். இராஜகுமாரி எழும்பி, "டீச்சர், கால்தானே வரணும்? மைனஸ் நாலு எப்படிங்க?" என்று கேட்டாள்.

போட்டுப் பார்த்தேன். 2³ எட்டு, 2² நாலு, 2¹ இரண்டு, 2⁰ ஒன்று. படிக்குப் படி பாதியாகிறது. இன்னும் இறங்கினால் அரை, கால். விடை சிறுக்குமே தவிர மறை எண்ணாகாது. எட்டின் கனமூலம் இரண்டு, அதன் வர்க்கம் நாலு, தலைகீழாக்கினால் கால். அவள் சொன்னதுதான் சரி. திருத்தட்டுமா?

அன்புடன்,
டொறீன்

குவைத்
2.4.1986

அன்புள்ள டொறீனுக்கு,

தலைவலி குறைந்திருந்தது. உன் கடிதம் வந்து கூட்டிவிட்டது. பதினொரு வருஷம் படிப்பித்த கொப்பி அது. நாவுல ஊர்வரை பிள்ளைகள் பார்த்தெழுதியது. இப்போது பிழை என்றால் நான் எந்த முகத்தோடு ஊருக்கு வருவது? பத்தாம் வகுப்போடு நின்றவள் நீ. என்னைத் திருத்த வராதே. உள்ளபடியே அச்சுக்குக் கொடு. வகுப்பையும் நிறுத்து. என்மேல் அன்பிருந்தால் செய்வாய்.

நோபர்ட்

மாத்தளை
27.4.1986

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதைச் செய்யமாட்டேன்.

டிசம்பரில் பிள்ளைகளுக்குச் சோதனை. −4 என்று எழுதினால் உங்கள் முகத்துக்காக யாரும் புள்ளி போடமாட்டார்கள். சிவப்பு மையால் அதை வெட்டி, ¼ என்று எழுதி நேற்று நானாவிடம் கொடுத்துவிட்டேன்.

"நோபர்ட் சேருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும். கோவமாத்தான் இருக்காங்க. நீங்க அச்சுக் கோர்த்துடுங்க நானா" என்றேன்.

அட்டையில் உங்கள் பெயர்தான். உள்ளே, திருத்தியவர்கள் இராஜகுமாரி, டொறீன் என்று போடச் சொன்னேன்.

வகுப்பும் நடக்கிறது. முப்பத்தொரு பேர் வருகிறார்கள். நீங்கள் என்னை எத்தனை தடவை பாதியாக்கினாலும் நான் பூச்சியத்துக்குக் கீழே போகமாட்டேன் அத்தான். கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

லீவில் வாருங்கள். பிள்ளைகளோடு கடைசி வாங்கில் உட்கார உங்களுக்கு இடம் வைத்திருக்கிறேன். தொப்பியைப் போடுங்கள்.

டொறீன் டீச்சர்