கொடியில் பச்சை நைட்டி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடித்தால் எங்கள் தெருவில் ஒரு துணி கொடியில் நிற்காது. கிளிப் பத்தவில்லை. இன்னும் ஒரு டஜன் வாங்க வேண்டும்.

காலை: முட்டை வெள்ளை, ஒன்று. அரை மணி கழித்துத் தண்ணீர், துளித் துளியாக. பதினொன்றுக்கு புரோட்டீன் பொடி, சாக்பீஸ் கரைத்த ருசி. மதியம்: நெத்திலி கொஞ்சம், முள் எடுத்து, மசித்து. சோறு ஒரு டீஸ்பூன், ஆசைக்கு. மொத்தம் அறுநூறு கலோரி தேறும். டயட்டீஷியன் பெண் போனில்: "மேடம், புரோட்டீன் பத்தல. முடி கொட்டும்." கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எடை குறைக்க இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து நாலு மாதம். போனபோது நூற்றுப் பதினெட்டு கிலோ. ஆபரேஷன் லீவு முடிந்து போன வாரம் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனபோது பழைய பியூனுக்கே என்னைத் தெரியவில்லை. "ஆரப் பாக்கணும்?" என்றார். அங்கே பதினைந்து வருடமாகக் கிளார்க் நான். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அம்மாவுக்கும் தெரியவில்லை. அதில் சந்தோஷம் இல்லை.

ரெண்டு வருடமாக அம்மாவுக்கு ஒவ்வொன்றாக மறந்துவருகிறது. மஸ்கட்டில் இருக்கிற அண்ணனை மறந்தாள். அப்பா இறந்ததை மறந்தாள். தான் டீச்சராக இருந்ததை மறந்தாள். என்னை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள். நான் மெலிந்ததும் அதுவும் போயிற்று. இப்போது நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த யாரோ ஒரு பிள்ளை.

இன்று மதியம்: "ஏ பிள்ளே, எம் மவ செல்விய எங்க? சோறு ஆறுகே."

"நான்தாம்மா செல்வி."

ஏற இறங்கப் பார்த்தாள். "அவ நல்ல தடியால்லா இருப்பா," என்றாள், என் மனம் நோகக் கூடாதே என்கிற குரலில்.

ரெண்டு வாய். அம்மா சாப்பிட்டது அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

சாரல். இந்த வாரம் முழுக்க லீவு சொல்லியாயிற்று.

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எடை இன்னும் இறங்கியிருக்கிறது. என் எடை இறங்கினால் கை தட்டுகிறார்கள், அம்மாவுடையது இறங்கினால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வருகிற திங்கள் வரை பார்ப்பாராம். அதற்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கும் என்றார். அம்மா அவர் பையிலிருந்த பேனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையையா கட்டுவது. முடியாது. என்னால் பார்க்க முடியாது.

வாங்க: கிளிப். பி12 மாத்திரை. ஏத்தன் வாழைப்பழம் (அம்மாவுக்கு மட்டும்).

ஜூன் 11, புதன்

சாப்பாட்டு மேசை விஷயம். வேறு யாரிடம் சொல்ல, இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சாப்பிடுமுன் ஆளுக்கொரு பைபிள் வசனம் சொல்ல வேண்டும். அப்பா வைத்த வழக்கம். பெரியவர் முதலில், கடைக்குட்டி கடைசியில். கடைக்குட்டி நான். சோறு எதிரே ஆவி பறக்கும்போது நீள வசனமா வரும்? வேதத்திலேயே சின்ன வசனம் ஒன்று உண்டு, ஆண்டவர் அழுத வசனம். அதை ஒரே மூச்சில் சொல்லி, ஆமென் முடியுமுன் கை தட்டில் இருக்கும். நாற்பது வயது தாண்டியும் அதே வசனம், அதே மூச்சு. அண்ணன் கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆனால் நான் சொல்லி முடிக்காமல் அம்மா ஒருநாளும் வாயில் சோறு வைத்ததில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் மேசைக்குப் போவதே இல்லை. என் நேரம் வேறு, என் அளவு வேறு. அடுக்களையில் நின்றபடியே, சின்னக் கிண்ணம், குழந்தை ஸ்பூன். நிறைந்த தட்டைப் பார்த்தாலே பயம். யோசித்துப் பார்த்தால் என் இடத்தை நானே காலி பண்ணியிருக்கிறேன்.

இன்று தட்டு வைத்துவிட்டு நடையில் நின்று பார்த்தேன். அம்மா தன் வசனத்தைச் சொன்னாள், ஒரு சொல் பிசகாமல். பிறகு என் காலி நாற்காலியைப் பார்த்துக் காத்திருந்தாள். சோற்றில் ஈ வந்து உட்கார்ந்தது. அப்புறமும் காத்திருந்தாள். கடைசியில் தட்டை அந்த நாற்காலிப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நானே போய் உட்கார்ந்து வசனத்தைச் சொன்னேன்.

"அது செல்விக்க எடம் பிள்ளே," என்றாள். "எந்திரி."

ஜூன் 12, வியாழன்

பேய்க்காற்று. முருங்கைக் கிளை ஒன்று போச்சு.

வீட்டுவேலைக்கு வருகிற தங்கம் மதியம் ஓடி வந்தாள். "அக்கா, டீச்சரம்மா இன்னைக்கு நல்லா சாப்பிட்டாவ. தட்டு கழுவி வச்சாப்புல இருக்கு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். "நான் எங்க சாப்பிட்டேன்? செல்வில்லா சாப்பிட்டா. வெளிய நிக்கா பாரு."

புழக்கடையில் கொடி. கொடியில் என் பச்சை நைட்டி.

பழைய நைட்டிகளை எல்லாம் கொடுத்தாயிற்று. இது ஒன்றை மட்டும், ஆபரேஷனுக்கு முன், பின் என்று போட்டோ எடுத்துக் காட்டுவதற்காக அலமாரிக்கடியில் வைத்திருந்தேன். அம்மா தேடி எடுத்துத் தங்கத்திடம் துவைக்கக் கொடுத்திருக்கிறாள். தோளில் ரெண்டு கிளிப். உள்ளே முழுக்கக் காற்று. என் வயிறு, என் இடுப்பு, லேசாகக் கூன் விழுந்த என் தோள், எல்லாம் அப்படியே. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் இல்லை. அது அசைந்த விதமும் என் நடைதான், படி ஏறும்போது இடது பக்கம் சாய்வேனே, அது.

கீழே மணலில் சோறு. எறும்பு வரிசை. ஓ, இதுதானா என்று நிம்மதி. ஆனால் சாளைக் கறியின் முள் ஒன்றுகூட மணலில் இல்லை. பூனையாக இருக்கும்.

இன்றைய கலோரி: கணக்கு வைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

செய்துவிட்டேன். கோமாளித்தனம்தான், ஆனால் திங்கட்கிழமைக்கு நாலு நாள்கூட இல்லை.

நைட்டியைப் போட்டுக்கொண்டேன். உள்ளே ரெண்டு தலையணை, ஒரு பெட்ஷீட், அரைஞாண் போலத் துப்பட்டாவால் ஒரு கட்டு. மேசையில் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். நாற்காலி முனகிற்று. பழைய முனகல்.

அம்மா முகம் விரிந்தது. "வந்துட்டியா மக்கா. எங்க போன இவ்வளவு நாளா?" கன்னத்தைத் தடவினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அம்மா என்னைத் தொட்டாள். வசனத்தை ஒரே மூச்சில் சொன்னேன். சிரித்தாள்.

அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அவள் கையால் உருட்டி எனக்கு ஊட்டினால்தான் அடுத்த வாய் அவளுக்குள் போகும். வாங்கி, ஒதுக்கி, துண்டில் துப்பிவிடுவது என் திட்டம். முதல் உருண்டையை விழுங்கிவிட்டேன். சோறும் சாளைக் கறியும். அடுத்ததும். ஒரு தட்டு முழுக்க விழுங்கினேன்.

ஒரு ஸ்பூன் அதிகமானாலே எனக்கு நெஞ்சு அடைக்கும், வாயில் நுரை நுரையாக வரும், தரையில் சுருண்டு படுப்பேன். இன்று ஒன்றும் இல்லை. வலி இல்லை, ஏப்பம்கூட இல்லை. எனக்குள் இருக்கும் பை ஒரு ஏத்தன்பழ அளவு என்று டாக்டர் படம் வரைந்து காட்டியிருக்கிறார். அந்தச் சோறெல்லாம் எங்கே போயிற்று?

இன்னொன்று. பசித்தது. பழைய பசி, அடிவயிற்றில் பிராண்டுகிற அதே பசி. அதை வெட்டி எடுத்து வாளியில் போட்டாயிற்று என்று நினைத்திருந்தேன். நைட்டியைக் கழற்றியதும் நின்றது.

அம்மா இன்று முக்கால் தட்டு.

ஜூன் 14, சனி

மறுபடியும் போட்டேன். அம்மா ஒரு தட்டு. நான் ரெண்டு. தலையணைகளைக் கட்ட மறந்துவிட்டேன் என்பது சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தெரிந்தது. நைட்டி தொளதொளவென்று இருக்கவில்லை.

எடை மெஷினில் ஏறினேன். நேற்றைய அதே எடை.

நன்றாகத் துவைத்துக் கொடியில் போட்டேன். இனி தொடப் போவதில்லை.

மாலையில் தங்கம்: "அக்கா, மத்தியானம் டீச்சரம்மா கூட ஆரு பேசிட்டிருந்தா?"

"நான்தான்."

"சாப்பாட்டு நேரம் இல்ல. பொறவு. நீங்க குளிச்சிட்டுல்லா இருந்திய."

"டிவியாக இருக்கும்," என்றேன். எங்கள் வீட்டு டிவி கெட்டு ஒரு மாதம். அது தங்கத்துக்கும் தெரியும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 15, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. இந்த மாதத்தில் இப்படி நின்றதே இல்லை. பப்பாளி இலைகூட ஆடவில்லை. சபைக்குப் போகவில்லை.

காலை: முட்டை வெள்ளை, பாதிதான் இறங்கியது. நெஞ்சு அடைப்பு, நுரை, பத்து நிமிஷம் தரையில். அடுக்களையில் நான் பழைய நோயாளிதான்.

மஸ்கட்டிலிருந்து அண்ணன் வீடியோ கால். போனை அம்மாவுக்கு எதிரே நான் பிடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா கொஞ்சம் தெளிஞ்சிருக்காளே," என்றான். பிறகு சிரித்தான். "ஏட்டி, அத்தன லெச்சம் செலவழிச்சும் நீ குறையவே இல்லியா? அம்மாக்க பின்னால பச்சையில நிக்கது நீதான?"

அம்மாவுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கொடி. நைட்டிதான் தெரிந்திருக்கும், வேறென்ன. "துணிண்ணே," என்றேன்.

"துணியா? திரும்பிப் பாக்குகே."

அவன் நெட்வொர்க் விட்டுவிட்டு வரும். போனை வைத்ததும் போய்ப் பார்த்தேன். காற்று இல்லை. நைட்டி உப்பித்தான் இருந்தது. தொட நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

மதியம் நான் மேசைக்குப் போகவில்லை. அம்மா ஒரு தட்டு சாப்பிட்டிருக்கிறாள். யார் வசனம் சொன்னது என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை தாண்டட்டும் என்று இருந்துவிட்டேன். நான் கோழைதான்.

ஜூன் 16, திங்கள்

டாக்டர்: எடை ஏறியிருக்கிறது. குழாய் வேண்டாம். "என்ன பண்ணினீங்க? பாராட்டணும்." அம்மா என்னைக் காட்டி அவரிடம் ரகசியமாகச் சொன்னாள்: "நல்ல பிள்ளை. ஒண்ணும் சாப்பிடாது."

வரும் வழியில் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். நைட்டியை எரித்துவிட வேண்டும். அம்மாவைப் பழக்கிவிடலாம், ஒரு வாரம் ஆகும், ரெண்டு வாரம் ஆகும், என் முகத்தைப் பழக்கிவிடலாம். அம்மாவுக்குத் தட்டு வைத்துவிட்டு, என் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன்.

கொடியில் ரெண்டு கிளிப் மட்டும். தங்கம் இன்று வரவில்லை.

இதைத் துவைகல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு சாத்தியிருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா தன் வசனத்தைச் சொல்லி முடித்தாள். காத்திருந்தாள். நாற்காலி முனகிற்று. பிறகு அந்தச் சின்ன வசனம், ஒரே மூச்சில். ஆமென். தட்டில் கை படுகிற சத்தம். அம்மா சிரிக்கிறாள். இப்படி அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

எழுந்து உள்ளே போக வேண்டும். போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். சாப்பாடும்.

அம்மா சொல்கிறாள்: "மக்கா, வெளிய ஒரு பிள்ளை ஒத்தையில நிக்கி. பாவம். அதுக்கு ரெண்டு வாய் குடுப்பமா?"

"அவ சாப்பிட மாட்டாம்மா," என்றேன் உள்ளேயிருந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தபடி.