லிமோனிலையிருந்து வாற பெட்டி

இஞ்சாருங்கோ,

கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட நீங்கள் கோஸ்தா ரிக்காவிலை மறிபட்டு இரண்டு வருசமாச்சு. எப்ப எழுதினாலும் அந்த லிமோன் நகரத்தைப் பற்றித்தான்: முன்னுக்குக் கடல், பின்னுக்கு மலை, ஓயாத மழை, துறைமுகத்தை விட்டால் வேறை வேலையில்லை. பாரிசிலை, லா சப்பலிலை நான் வேலைக்கு நிக்கிற கடைக்கு வாற வாழைப்பழப் பெட்டியிலையும் அந்தப் பேர்தான் கிடக்கு. அங்கை காயாய் ஏத்தினது மூண்டு கிழமையிலை இஞ்சை வந்திடுதாம்.

நேற்று பிள்ளைக்கும் எனக்கும் மட்டும் இஞ்சையே இருக்க விசாக் கேட்டு கந்தோருக்குப் போனனான். அங்கையிருந்த மதாம் புருசன்ரை பேரைக் கேட்டா. கலியாணம் கட்டின பதினொரு வருசத்திலை உங்கடை பேரை வாயாலை சொன்னது அதுதான் முதல்தரம்.

எங்கை இருக்கிறார் எண்டும் கேட்டா.

தெரியாதெண்டன்.

மழையிலை நனையாதேங்கோ.

பிள்ளையின்ரை அம்மா