தையல் மெஷின் எண்ணெய்

மட்டாஞ்சேரி, 1983

தம்பிக்கு,

நீ சண்டை போட்டு பம்பாய்க்குப் போன அன்னிக்கு, "எனக்கு மகனே இல்ல"ன்னு தெருவே கேக்கக் கத்தின நம்ம அப்பா, இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம உன் தூண்டில் ரீலைக் கழட்டி வச்சுக்கிட்டு உக்காந்துடறார். பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில கழுவி, பழந்துணியால துடைச்சு, சொட்டுச் சொட்டா எண்ணெய் விடறார். யாரோட எண்ணெய்? என் தையல் மெஷின் எண்ணெய்! மெஷின் வறண்டு கிரீச் கிரீச்னு கத்துது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்த சேச்சிமார் வாசல்ல நின்னு திட்டறாங்க. உன் ரீல் மட்டும் சத்தமில்லாம சுத்துது!

நேத்து பொறுக்க முடியாம, "இதைக் காயல்ல வீசிடறேன்"னேன்.

"உப்புத்தண்ணி பட்டா துருப்பிடிச்சிடும்"னு சொல்லி மடியில வச்சுக்கிட்டார்.

நீயே வந்து எடுத்துட்டுப் போ. வரும்போது எனக்கு ஒரு குப்பி எண்ணெய் வாங்கிட்டு வா. அப்பா கேட்டா, ரீலுக்காகத்தான் வந்தேன்னு சொல்லிக்கோ.

கோபம் ஆறாத
அக்கா