ஆட்சேபணை இல்லை

கோவில்பட்டி
4.2.2025

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கை கிருபாவுக்கு, ஸ்தோத்திரம்.

போனை நீ எடுப்பதில்லை, ஆகவே கடிதம். ஊரில் உன் வீட்டை ஒட்டிய என் காலிமனையில் மிளகாய் அரவை மில் போடுகிறேன். இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி வந்தால்தான் உரிமம் என்கிறது பஞ்சாயத்து. உன்னைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்? பேப்பர் இணைத்திருக்கிறேன்.

உன் மிளகாய்ப்பொடி வியாபாரம் நின்றது கேட்டு வருந்தினேன்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்.
அண்ணன் எபநேசர்

புதூர் வழி
11.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வருத்தத்துக்கு நன்றி. உங்கள் கடைக்கு இனிப் பொடி தர மாட்டேன், நானே விற்கிறேன் என்று நான் சொன்ன மறுமாதம், பதிவு இல்லாத வியாபாரம் என்று அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ராஜமணி அம்மா, "யாரோ மொட்டைப் பெட்டிசன் போட்டிருக்காவ, பாரும்மா" என்று நீட்டினார். கம்ப்யூட்டரில் அடித்தது, பெயர் இல்லை. ஆனால் 'கிறிஸ்துவுக்குள் பிரியமான அதிகாரி ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம்' என்று தொடங்கி, 'ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்' என்று முடிந்திருந்தது.

"ஏம்மா, உங்க ஊர்ல மிளகாய்ப்பொடிக்கு எதிரா ஜெபம் பண்ணுதாவளா?" என்றார்.

நம் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் நம்முடையது மட்டும்தான் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் பேப்பரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். விதிகளைப் படிக்கும் பழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது.

கிருபா

கோவில்பட்டி
17.2.2025

பிரியமான கிருபாவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் உன் நன்மைக்குத்தான். நாலு பேர் சாப்பிடுகிற பொருள் அல்லவா?

இயந்திரம் வெயிலில் கிடக்கிறது. கூடப்பிறந்தவனிடமா வீம்பு? ஒரே ஒரு கையெழுத்து.

எபநேசர்

புதூர் வழி
10.3.2025

அண்ணனுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன், வேறு தாளில். மிளகாய்த் தூசியும் மோட்டார் சத்தமும் ஆகாது என்று பஞ்சாயத்தில் ஆட்சேபணை கொடுத்திருக்கிறேன். பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கின்றன. ஸ்தோத்திரம் சேர்க்கவில்லை, அலுவலகக் காகிதம்.

உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். என் பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டது, அறையும் திறந்தாயிற்று.

இயந்திரத்தை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டுப் பின்கட்டில் மில் வைக்கப் பஞ்சாயத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து மனைக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா என்று விசாரித்தேன். குடியிருப்பவர்கள்தான் போட வேண்டுமாம். காலிமனைக்காரரின் கையெழுத்து தேவையில்லையாம்.

கிருபா