துரையிடமே வாங்கிக்கொள்

பூந்தமல்லிக்கு மேற்கே, ஏரிக்கரை ஊர்
1935 ஐப்பசி, வியாழக்கிழமை

அன்புள்ள வசந்தாவுக்கு,

இதை நீ பிறகு படிக்கலாம். முதலில், இதைக் கொண்டுவந்திருக்கும் எங்கள் ஊர்ச் சேரி எல்லம்மாவின் இடுப்பில் உள்ள குழந்தையைப் பார். அவள் மகள், பெயர் வேம்புலி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்க்காய்ச்சல் வருகிறது. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் கல் போலத் தட்டுப்படும். இந்தக் காய்ச்சலுக்கு வேண்டிய கொயினா இங்கே கிடைக்கவில்லை. நீ வேலை பார்க்கும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று நம்பி அனுப்புகிறேன்.

குழந்தையைப் படுக்க வைத்துவிட்டாயா? இனிப் படி.

டாக்டர் வீட்டு மருமகள் காய்ச்சல் மருந்துக்குப் பட்டணத்துக்கு ஆள் அனுப்புகிறாளே என்று நீ நினைப்பாய். கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு எழுதிய கடிதங்களில் நான் சௌக்கியம் என்பதைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அவை மாமனார் கையால் தபாலுக்குப் போனவை. இது எல்லம்மா மடியில் வருவதால் எழுத முடிகிறது.

ஏரிக்கரைச் சாலையில் ஜில்லா போர்டு டிஸ்பென்சரி ஒன்று இருந்தது. அது புறம்போக்கு நிலத்தில் கட்டிய ஓட்டுக் கட்டடம். ஊர்க்காரரும் சேரிக்காரரும் அங்கே ஒரே தாழ்வாரத்தில்தான் நின்றார்களாம். எல்லம்மா அதை ஒரு திருவிழாவைச் சொல்வது போலச் சொல்வாள். செலவு அதிகம் என்று போர்டு அதை மூடிவிட்டு, மானிய டாக்டரிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. போர்டு மானியமும் மருந்தும் கொடுக்கும். டாக்டர் தன் இடத்தில் வைத்து ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். மூன்று வருஷக் கண்டிராக்ட். மனுப் போட்டவர்களில் அனுபவசாலிகள் இருந்தார்கள். கிடைத்தது அப்போதுதான் படிப்பு முடித்திருந்த என் கணவருக்கு.

மாமனார் வீராசாமி ஏற்கெனவே போர்டின் சந்தைக் குத்தகையும் சாலைப் புளியமரக் குத்தகையும் எடுத்தவர். அவர் மகனுக்குக் கண்டிராக்ட் கொடுக்கும் தீர்மானம் வந்த அன்று போர்டு கூட்டத்தில் கை தூக்கிய மெம்பர்களில் என் அப்பாவும் ஒருவர். அடுத்த தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். கையில் ஜாதகத்தோடு அப்பா எத்தனையோ இடங்களுக்கு அலைந்தவர். இந்த இடம் மட்டும் தானாகக் கூடி வந்தது என்று சந்தோஷப்பட்டார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது பிறந்த வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? அப்பா கை தூக்கியதால்தானே நான் இங்கே இருக்கிறேன்.

டிஸ்பென்சரி எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது. பழைய கட்டடத்தில் மாமனார் புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருக்கிறார். எங்கள் தெருவுக்குள் சேரிக்காரர்கள் வரக் கூடாது. கொல்லைப்புறமாக வந்து மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் நின்று கூப்பிட வேண்டும். கம்பவுண்டர் நாகப்பனுக்கு ஒழிந்தபோது போய், எட்ட நின்று அவர்கள் பாத்திரத்தில் மிக்ஸ்சர் மருந்தை ஊற்றுவான். அது பெரும்பாலும் தண்ணீர். “ஏரி ரொம்புனா நம்ம மருந்தும் ரொம்பும் சின்னம்மா” என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்வான். போர்டு அனுப்பும் கொயினா பூந்தமல்லிக் கடைத்தெருவில் மாமனாரின் தம்பி கடையில் விற்கிறது.

என் கணவர் கெட்டவர் இல்லை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. ஒருமுறை கேட்டேன். “டாக்டர் நான், டிஸ்பென்சரி அப்பாவுது. நான் இன்னா செய்யட்டும் சொர்ணம்?” என்றார். பிறகு நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்டிராக்ட் இந்த மார்கழியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க, முந்தாநாள் செவ்வாய்க்கிழமை ஜில்லா மெடிக்கல் ஆபீசர் துரை வந்தார். அவருக்கு வாசித்துக் கொடுக்கும் வரவேற்புப் பத்திரத்தை இங்கிலீஷில் எழுதியது நான். என் புத்தகப் பெட்டியைக் கண்டால் முகம் சுளிக்கும் மாமனார் இந்த ஒரு வேலைக்கு மட்டும் என் படிப்பை மெச்சுவார். ஊர் ஜனங்கள் சாதி பேதமின்றி வைத்தியம் பெறுகிறார்கள் என்று ஒரு வரி வேண்டும் என்றார். எழுதினேன். இங்கிலீஷ் நன்றாயிருக்கிறதே, யார் எழுதியது என்று துரை கேட்டாராம். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று மாமனார் சொல்லிவிட்டார்.

அந்த வரியை மெய்யாக்க, அன்று காலை சேரியிலிருந்து சிலரைக் குளிக்கச் சொல்லி, வெளுத்த துணி கட்டச் சொல்லி, முன்வாசல் வழியாகவே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எல்லம்மாவும் வேம்புலியோடு உட்கார்ந்தாள். துரை ஒவ்வொரு குழந்தையின் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். வேம்புலியிடம் நின்று, இவளுக்குக் கொயினா விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். என் கணவர் சரி என்றார். மாலை போட்டுக்கொண்டு துரை போனார். கண்டிராக்ட் உறுதி, இன்னொரு டிஸ்பென்சரியும் சேர்த்துக் கிடைக்கும் என்று சாயங்காலம் வீடெல்லாம் பாயச வாசனை.

நேற்றுக் காலை எல்லம்மா மறுபடி முன்வாசல் வழியாக வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை துரை திறந்துவிட்ட கதவு அது. நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன்.

மாமனார் வந்தார். “யாரடீ உள்ள உட்டது?”

“நேத்து இங்கதானே சாமி குந்த வச்சீங்க.”

“நேத்து குந்துனது நேத்தோட போச்சு. எழுந்து பின்னால போ.”

“கொய்ந்த வயித்த தொட்டுப் பாத்து, மருந்து குடுக்கச் சொன்னாரே தொரெ.”

நாகப்பன் சிரித்தான். மாமனாரும் சிரித்தார். “சொன்னாரா? அப்போ பட்டணத்துக்குப் போய் தொரையாண்டயே வாங்கிக்கோ.”

பெஞ்சைக் கழுவிவிட்டார்கள். என் கணவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இன்று எல்லம்மா கொல்லைக் கிணற்றுக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிட்டாள். மருந்துக்கென்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “தொரெ ஊடு பட்டணத்துல எங்க கீது சின்னம்மா? சாமி அங்கயே வாங்கிக்கச் சொல்லிட்டாரு. வைக்கோல் வண்டி போவுது, அதுல போய்க்கினு வாங்கியாந்துடறேன்.”

வசந்தா, அவள் கேலி செய்யவில்லை. சாமி சொன்னால் அது உத்தரவு. அவள் மனத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே இல்லை. துரை பங்களா வாசலில் காவல்காரன் அவளை என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தேன். துரை வீட்டில் இல்லை, மருந்து இருக்கும் இடம் வேறு என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன்.

உன் ஆஸ்பத்திரியில் எந்த ஊர் என்று கேட்பார்கள். வேறு ஊர் பெயரைச் சொல்லச் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இந்த ஊர் பெயர் அங்கே எழுதப்பட்டால், இங்கே டாக்டர் இருக்க ஏன் பட்டணத்துக்கு வந்தாள் என்று யாராவது கேட்கக்கூடும். கேள்வி துரை வரைக்கும் போகலாம். பிறகு இந்த வீட்டுக்கும் வரும். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் உண்மையைத்தான் சொல்வாள். நீ தடுக்காதே.

வெயில் தாழ்ந்ததும் வண்டி புறப்படுகிறது. கடிதத்துக்குக் காத்திருக்கும் எல்லம்மா சற்று முன், “வண்டியில எடம் கீது சின்னம்மா, ஒரு எட்டு நீங்களும் வந்து உங்க சிநேகிதியைப் பாத்துட்டு வரலாமே” என்றாள். இன்று துரைக்கு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். மை காய்வதற்குள் மாமனார் கேட்பார்.

எனக்குப் பதில் எழுதாதே. மாமனார் பிரித்துப் படித்த பிறகுதான் என்னிடம் வரும். குழந்தை தேறினால் அதற்கு அடையாளமாக ஏதாவது ஒரு புத்தகம் அனுப்பு. நான் முன்பே படித்ததானாலும் பரவாயில்லை. புத்தகத்தை இந்த வீட்டில் யாரும் பிரிப்பதில்லை. தபால்காரர் தெருமுனையில் மணியடிப்பது என் அறைக்குக் கேட்கும். தினமும் கேட்டுக்கொண்டிருப்பேன். சீக்கிரம் அனுப்பு, வசந்தா.

நீயும் அந்தக் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பிரியமுள்ள,
சொர்ணம்