டிசம்பர் இருபதுக்குள் ஒரு பதில்

மூவார்
ஸ்ரீமுக வருஷம் ஐப்பசி 27, ஞாயிற்றுக்கிழமை
12-11-1933

அருமை மகள் சிரஞ்சீவி புஷ்பவள்ளிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே என் உடம்பும் உன் அம்மாவின் உடம்பும் ஆண்டவன் புண்ணியத்தில் சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. மதராஸில் நீ சுகமாய் இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால் அதுவும் கொஞ்சம் அடங்கும். ஒரு வாரமாய் மழை விட்டபாடில்லை, ஆற்றங்கரைக் கடைகளுக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நம் சீன முதலாளி தவுக்கே ரப்பர் ஷீட்டுகளையெல்லாம் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டார், நிறுவைக் கணக்கு எழுதுகிற கிராணியான எனக்குப் பாதி நாள் வேலையில்லை. வேலையில்லாத மனுஷனுக்கு யோசனை அதிகம். இந்தக் கடிதத்தை மூன்று தரம் ஆரம்பித்து மூன்று தரமும் கிழித்துவிட்டேன், காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று உன் அம்மா கேட்டுவிட்டாள், ஆகையால் இது நாலாவது, எப்படி வந்தாலும் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு வேலை கிடைத்திருக்கிறது அம்மா. குதிக்காதே, முழுக்கப் படி. நீ மருத்துவச்சிப் படிப்பை முடித்த கையோடு சர்டிபிகேட்டையும் கையெழுத்துப் போட்ட மனுக்களையும் எனக்கு அனுப்பி மூன்று இடத்தில் போடச் சொன்னாயே, ஜொகூர் பாருவில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஒன்று, சிங்கப்பூரில் பிரசவ விடுதி நடத்தும் லேடி டாக்டருக்கு ஒன்று, யோங் பெங்குக்கு அந்தப் பக்கம் பதினோராங்கட்டைத் தோட்டத்துக்கு ஒன்று. அதில் தோட்டத்துத் துரைதான் முந்திக்கொண்டார். மாதச் சம்பளம், தனிவீடு, விறகு, விளக்குக்கு மண்ணெண்ணெய் எல்லாம் தருகிறார்களாம், ஜனவரி முதல் தேதி சேர வேண்டும், சரி என்றால் டிசம்பர் இருபதுக்குள் பதில் எழுதி அசல் சர்டிபிகேட்டை நேரில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள். கடிதம் வந்த அன்றைக்கு உன் அம்மா மாரியம்மன் கோவிலுக்கு ஓடினாள், நான் தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னேன். இந்த வியாபார மந்தத்தில் ஆண்பிள்ளைக் கிராணிகளே வேலை போய் ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருக்கும்போது என் பெண்ணை வா என்று கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். இங்கிருந்து பஸ் ஏறினால் உச்சிவேளைக்குள் யோங் பெங், அப்புறம் மாட்டுவண்டி. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீரமுத்து நல்ல மனுஷர், மரியாதையாய்க் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். எட்டுக் கட்டில், எட்டிலும் காய்ச்சல்காரர்கள். பிரசவத்துக்கு என்று ஒரு அறை உண்டு, அதில் கொயினா மருந்துப் பெட்டியும் மண்ணெண்ணெய் டின்னும் அடுக்கியிருக்கிறது. பெண்கள் எங்கே பெறுகிறார்கள் என்று கேட்டேன், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் சாக்கு விரித்துத்தான் என்றார். முன்னே இருந்த மருத்துவச்சி யாருடைய சர்டிபிகேட்டையோ கொண்டுவந்து காட்டி எட்டு மாதம் ஓட்டியிருக்கிறாள், விஷயம் வெளியே வந்ததும் போய்விட்டாள், அதிலிருந்து துரைக்கு அசல் காகிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை. திரும்பி வரும்போது பால்மரக் காட்டில் ஒரு பெண் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள், கருப்பாயி என்று பெயர், வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஐயா, ஒங்க மக எப்ப வர்றாங்க, எனக்குத் தையிலதான் நாளு, ரெண்டு புள்ளைய மண்ணுல வச்சுட்டேன், இதுக்காச்சும் ஆளு இருந்தா தேவலை என்று கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். நான் யார் அதைச் சொல்ல, உன்னைக் கேட்டேனா, துரைக்குப் பதில்தான் எழுதினேனா, வாய் முந்திவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

இனிமேல்தான் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஜொகூர் பாருவுக்கு மனுப் போட்டபோது சர்டிபிகேட்டின் நகல் போதும் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னத்தம்பியும் நகல் அடித்துத் தருகிறேன் என்றார். நான் கேட்கவில்லை. ஜாதகம் கேட்டால் நகல் கொடுக்கலாம், பெண் பார்க்க வந்தவனுக்குப் பெண்ணைத்தானே காட்ட வேண்டும், சர்க்காருக்குப் போய் நகலா, நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அசலையே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். தோட்டத்துக்கும் சிங்கப்பூருக்கும்தான் நகல் போனது. இப்போது தோட்டத்துத் துரை அசலைக் கேட்கிறார், அசல் சர்க்கார் காகிதக்கட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை லீவு போட்டு ஜொகூர் பாருவுக்கே போனேன். மனுக்களைப் பார்க்கிற பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், உட்காரச் சொல்லிக் கட்டைப் பிரித்து எடுத்தும் காட்டினார். உன் மனு கீழே கிடக்கவில்லை, பொறுக்கி எடுத்த ஐந்தில் ஒன்றாய் இருக்கிறது, இரண்டு பேரை எடுப்பார்கள், எப்போது என்றால் ஜனவரியோ பிப்ரவரியோ என்கிறார். சர்டிபிகேட்டை ஒரு வாரம் கடனாய்க் கொடுங்கள், காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன் என்று கெஞ்சினேன். முடியாதாம். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் காகிதம் வெளியே வருமாம், வந்தால் அந்த மனு அத்தோடு தீர்ந்தது. சரி எழுதிக் கொடுக்கிறேன், பேனாவைக் கொடுங்கள் என்றேன், கோபத்தில்தான். அதற்கு அவர், ஐயா, மனுப் போட்டது உங்கட மகள், மகளின்ர கையெழுத்துத்தான் வேணும், உங்கட கையெழுத்துச் செல்லாது என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம், பெற்றவன் கையெழுத்துச் செல்லாதா, அவளைக் கப்பலேற்றியது யார், படிக்க வைத்தது யார் என்று சத்தம் போட்டுவிட்டேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனுஷர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மதராஸில் இரண்டாம் பிரதி வாங்கலாமே என்று உனக்குத் தோன்றும், அதையும் அவரிடமே கேட்டுப் பார்த்தேன். முதல் பிரதி தொலைந்துவிட்டது என்று மாஜிஸ்திரேட் முன்னால் நீ சத்தியம் செய்ய வேண்டுமாம். தொலையாததைத் தொலைந்தது என்று என் மகள் சத்தியம் செய்ய வேண்டாம்.

ஆக இப்படித்தான் நிற்கிறது. கையில் இருக்கும் தோட்டத்து வேலையை எடுத்தால் சர்க்கார் மனுவை நாமே கொல்ல வேண்டும். சர்க்காருக்குக் காத்திருந்தால் தோட்டம் போய்விடும், சர்க்காரும் வராமல் போனால் இரண்டும் கெட்டு நிற்போம். சிங்கப்பூர் லேடி டாக்டர், கிறிஸ்துமஸ் கழித்துச் சொல்கிறேன் என்று ஒரு கார்டு போட்டதோடு சரி. காலையில் எழுந்தால் தோட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. குளித்துவிட்டு வருவதற்குள் சர்க்கார் வேலை என்றால் பென்ஷன் உண்டே என்று தோன்றுகிறது. வீரமுத்து ஒன்று சொன்னார், அதுவும் அரிக்கிறது, டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் தோட்டத்துக்கு வருவாராம், மற்ற நாளில் குழந்தை குறுக்கே கிடந்தால் நீ யாரைக் கூப்பிடுவாய்? ஜொகூர் பாருவில் என்றால் பக்கத்து அறையிலேயே டாக்டர். ஆனால் அங்கே உன்னை மாதிரி பத்துப் பேர், இங்கே கருப்பாயிக்கு நீ ஒருத்தி. கெலாங் பாத்தாவிலிருந்து உன் பெரியப்பா வேறு, பெண்ணைத் தனியாய்த் தோட்டத்தில் விடாதே, மாப்பிள்ளை பார் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை, எழுதினால் அண்ணன் தம்பி உறவு போய்விடும். உன் அம்மா ஒரே பேச்சில் நிற்கிறாள், தோட்டம்னா மாசத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பாத்துட்டு வரலாம், வந்துடச் சொல்லுங்க என்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை, மறைக்க மாட்டேன். இரண்டு வருஷமாய் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறேன் அம்மா, பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் நீ இருந்தால் எனக்கு வேறென்ன வேண்டும். அதனாலேயே என் யோசனையை என்னால் நம்ப முடியவில்லை. எது வந்தாலும் நீங்களே பார்த்துச் செய்யுங்கள் அப்பா என்று போன கடிதத்தில் எழுதிவிட்டாய். பாவாடைக்கு என்ன நிறம் என்றால்கூட மூன்று நாள் சண்டை போடுகிறவள், இதற்கு மட்டும் என்ன திடீர் அடக்கம்.

இந்தக் கவருக்குள் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன், வாத்தியார் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார். ஒன்று சர்க்கார் மனுவை வாபஸ் வாங்குவது, மற்றது தோட்டத்துத் துரைக்கு வந்தனம் சொல்லி மறுப்பது. ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, மற்றதைக் கிழித்துப் போடு. புதன்கிழமைக் கப்பலில் இது போகிறது, உன் கைக்கு வந்த நாலாம் நாள் பதிலைத் தபாலில் சேர்த்தால்தான் அடுத்த கப்பலைப் பிடிக்கும், நான் ஜொகூர் பாருவுக்கும் தோட்டத்துக்கும் ஓடச் சரியாய் இருக்கும். தபாலாபீஸுக்கு நீயே போ, யாரிடமும் கொடுத்தனுப்பாதே. அங்கே மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வதை விடாதே, வேலை வரும்வரை அங்கே பார்க்கிற ராத்திரி முறை முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. எந்தக் காகிதம் வந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். கருப்பாயியிடம் நான் சொன்ன வார்த்தை என்னுடையது, அதற்கு நீ பொறுப்பில்லை. நீ வரவில்லையென்றால் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று, சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பழைய நிறுவைச் சீட்டின் பின்பக்கத்தில் உன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். இங்கிலீஷில், நீ போடுகிற மாதிரியே, கடைசி எழுத்தின் வாலை இழுத்து. ஆறாவது தரம் அப்படியே வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும், பலகையில் உன் கையைப் பிடித்து அந்த எழுத்தை எழுத வைத்தவன் நான்தானே. வாபஸ் காகிதத்தில் அதைப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கிராணிக்கு எங்கே தெரியப் போகிறது, நாளைக்கே சர்டிபிகேட் கையில் வந்திருக்கும், ஜனவரியில் நீ யோங் பெங்கில் இருப்பாய், உனக்கும் ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சீட்டை அடுப்பில் போட்டேன். உன் இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிற இடம் வெறுமையாய் இருக்கிறது, அது உன் இடம் அம்மா, அப்பா அங்கே கை வைக்கவில்லை.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும், நீ தொட்டுத் தூக்குகிற குழந்தையெல்லாம் நூறு வயசு வாழட்டும், நீயும் நீடூழி வாழ வேண்டும். நாலாம் நாளை மறக்காதே. இந்தக் கடிதத்தின் அடியில் மட்டும் என் கையெழுத்து.

உன் அன்பு அப்பா,
மு. சதாசிவம்