பத்துக்கு நாலு

மச்சான்,

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. மண்ணெண்ணெய் வாடை. மாதா கோவில் திருவிழா மலர். பிழை பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பதினோராம் பக்கத்தில், பழைய திருவிழாக்களைப் பற்றிய பகுதியில் ஒரு வரி: ‘பாட்டுப் போட்டியில் கப்பல் அதிகாரிக்கு மூன்று நடுவர்களும் ஒருமனதாக முதல் பரிசு வழங்கினர்.’

ஒருமனதாக.

எழுத்துப்பிழை இல்லை. பொய் இருக்கிறது. அது என்னுடையது.

நடுவர் நாற்காலி மூன்று. ஒன்று பங்குச் சாமியாருக்கு, ஒன்று படித்தவருக்கு, ஒன்று கடற்கரைக்கு. கடற்கரை நாற்காலிக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். அந்த வருடம் சங்கு குளிக்கும் உங்கள் பெயர் விழுந்தது. அக்கா உங்கள் வெள்ளைச் சட்டைக்கு இரண்டு முறை கஞ்சி போட்டாள். உங்களுக்கு எழுத வராது. நீங்கள் மார்க்கைச் சொல்ல, நான் எழுத வேண்டும். கடலில் உங்கள் கயிற்றைப் பிடிப்பவனும் நான்தானே. மனைவியின் தம்பி பிடித்தால்தான் முங்குகிறவன் பயமில்லாமல் முங்குவான் என்பது நம் கரையின் ஏற்பாடு. தன் அக்காள் தாலியை எவன் நழுவவிடுவான்?

கடைசியாகப் பாடியவர் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலின் அதிகாரி. கோவாக்காரர், ஆபரா என்னும் மேல்நாட்டு இசைநாடகப் பாட்டு பயின்றவர். கனத்த ஆண்குரல். பாரிடோன் என்றார் படித்தவர் நாற்காலியிலிருந்த என் கல்லூரிப் பேராசிரியர். கப்பல் மூழ்குகிறது, மகனைக் கொன்றவனைச் சபித்துக்கொண்டே தகப்பனும் மூழ்குகிறான், அதுதான் பாட்டு என்று விளக்கினார். கூடத்தின் தகரக்கூரை அதிர்ந்தது. கடைசிச் சுரத்தை அவர் நீட்டி நிறுத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

நீங்கள் தட்டவில்லை.

“நாலு,” என்றீர்கள்.

“பத்துக்கா? மச்சான், கேவலமா போயிரும். சார் ஒம்பது போட்டிருக்காரு.”

“சாரு முங்கியிருக்காராலே? குரலு நல்ல குரலுதான், கோயில் மணி கணக்கா. ஆனா சாவப்போறவன் கடைசி மூச்சுல கூட்டத்தப் பாப்பானா? கைதட்டு வருதான்னு பாக்கான். நெஞ்சுல இன்னும் மூச்சு கெடக்கு அவனுக்கு. பொய்யா கயிறு சுண்டிட்டாம்லே. நாலு போடு.”

பொய்யாகச் சுண்டுவது என்னவென்று எனக்குத் தெரியும். மூச்சு முடிந்தால் மட்டுமே, மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்ட வேண்டும். விளையாட்டுக்கு ஒருவன் சுண்டிவிட்டால், அடுத்த முறை மேலே இருப்பவனின் கை ஒரு கணம் யோசிக்கும். அந்தக் கணத்தில் ஆள் போய்விடும்.

தெரியும். ஆனால் பேராசிரியரின் கண் என் பேனாவின் மேல் இருந்தது. ஏழு என்று எழுதினேன். அதுவரை நீங்கள் யாருக்கும் ஆறுக்கு மேல் தந்திருக்கவில்லை. ஆகவே உங்கள் சீட்டிலும் கப்பல் அதிகாரியே முதல்.

ஒலிபெருக்கியில் சாமியார் வாசித்தார். கடற்கரை, ஏழு.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். “நான் சுண்டாமயே தூக்கிட்டியேலே.”

பிறகு எழுந்தீர்கள். “சாமி, எம் மார்க்கு நாலு.”

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து கடைக்காரர் ஒருவர், “ஒக்காரும்வே. சங்கு குளிக்கவனுக்கு இங்கிலீசு பாட்டு என்ன தெரியும்?” என்றார்.

“பாட்டு தெரியாது அண்ணாச்சி. மூச்சு தெரியும்.”

பரிசு கொடுத்து முடியும்வரை நின்றீர்கள். கஞ்சி போட்ட சட்டை வியர்வையில் தொய்யும்வரை. நான் எழவில்லை.

மறுநாள் வள்ளத்தில், கயிற்றை வேறு யாரிடமாவது கொடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். என் கையிலேயே வைத்தீர்கள். “பிடி,” என்றீர்கள். முங்கினீர்கள். அன்றைக்குப் போல் கண்ணெடுக்காமல் ஒருநாளும் நான் அந்தக் கயிற்றைப் பார்த்ததில்லை.

மஞ்சள் காமாலை உங்களைக் கரையில் வைத்தே கொண்டுபோனது. இரண்டு வருடமாகிறது. அந்தக் கட்டிலருகே என் கையில் கயிறு இல்லை.

மலர்க்குழுச் செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். “செத்தவரு மார்க்க இப்ப எதுக்குப்பா தோண்டுத? அச்சு கோத்தாச்சு,” என்றார். கோத்ததைப் பிரிக்கட்டும். ‘ஒருமனதாக’ மேல் சிவப்புக் கோடு போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: கடற்கரை நடுவர் கொடுத்தது நாலு. ஏழு என்று எழுதியவன் நான். கீழே என் கையெழுத்து. அச்சிடாவிட்டால், திருவிழா அன்று அதே கூடத்தில் எழுந்து நிற்பேன். சிரிக்கட்டும். உட்காரச் சொல்லட்டும்.

உள்ளங்கையில் உங்கள் கயிறு உரசிய காய்ப்பு இன்னும் இருக்கிறது, மச்சான். இந்த முறை கை யோசிக்கவில்லை.